கடைமடைக்கு முதல் எண்ணெய்

“நுனியை மட்டும் வெட்டிவிடு, பீபி. ஒரு விரற்கடை போதும்.”

கீரத் இதைச் சொல்லி முடித்தபோது அடுப்பில் சோள ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. பீபி அதைத் திருப்பவில்லை. பீபி என்றால் கீரத்தின் அம்மா. ரொட்டியைக் கருகவிடும் அம்மா இல்லை அவள். ஆனால் இன்று விட்டாள்.

அந்த வீட்டில் சைக்கிள் கேட்கலாம். இரண்டாவது டம்ளர் மோர் கேட்கலாம். குளிராக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகவில்லை என்றுகூடக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காது, அவ்வளவுதான். முடியை வெட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது. பிறந்த நாளிலிருந்து அங்கே யார் தலையிலும் கத்தரி பட்டதில்லை. அப்பா பாபூவின் தலைப்பாகைக்குள்ளும் முடிதான். ஏழு வயதுத் தம்பி ஜுஜாரின் உச்சிக் கொண்டைக்குள்ளும் இடுப்புவரை முடிதான். அவர்கள் சீக்கியர்கள். ஊரே அப்படித்தான்.

பீபி மெதுவாகத் திரும்பினாள். “கத்தரிக்கோல் எதுக்குன்னு தெரியுமா உனக்கு?”

“துணி வெட்ட.”

“அப்புறம்?”

“கொத்தமல்லி வெட்ட.”

“அவ்வளவுதான். போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வா.”

சில பெரியவர்களிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கும். பீபியிடம் அது கடுகு எண்ணெய். சளி பிடித்தால் கடுகு எண்ணெய். கதவு கிறீச்சிட்டால் கடுகு எண்ணெய். முடி காய்ந்தால் அதற்கும் அதுவே, உச்சந்தலையில், உள்ளங்கை நிறைய.

“உச்சியில ஊத்தினா தானா கீழ இறங்கும்” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

அது இறங்கவில்லை. பதினொரு வருடமாக இறங்கவில்லை. கீரத்தின் தலை மேலே பளபளவென்று எண்ணெய் வடிந்து கிடக்கும். கீழே பின்னலின் நுனியைத் தொட்டால் துடைப்பம். ஒரு நாள் வைக்கோல் என்று நினைத்து வீட்டு எருமை அதை நக்கிப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“தீதி, இப்ப உன் தலையில ஒரு ஈ உட்கார வந்துச்சு” என்று அக்காவிடம் சொன்னான் ஜுஜார். “வழுக்கி விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்.”

“டிசம்பர்ல ஈ ஏதுடா?”

“அதான் பாவம். இருந்தது ஒண்ணு.”

வேறு நாளாக இருந்தால் கீரத் சிரித்திருப்பாள். இன்று முடியவில்லை. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை குருவின் பிறந்தநாள் ஊர்வலம். குருத்வாராவிலிருந்து புறப்பட்டு ஊரைச் சுற்றி வரும். பூ போட்ட வண்டிக்கு முன்னால் கட்கா ஆட்டக்காரர்கள் போவார்கள். கம்பு வீசுவார்கள், வாள் சுழற்றுவார்கள். சக்கரம் சுற்றுவார்கள். அந்தச் சக்கரம் ஒரு சைக்கிள் வளையம் அளவுக்கு இருக்கும். அதைச் சுற்றிக் கயிறுகள் தொங்கும், ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு மரப் பந்து. நடுக் கட்டையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினால் பந்துகள் எல்லாம் விரிந்து ஒரு பெரிய குடை மாதிரி பறக்கும். அடியில் நிற்பவளுக்குக் காதில் காற்று உறுமும்.

இந்த வருடம்தான் முதன்முறையாகப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு அணி. ஆறு பேர். கீரத்துக்கு அந்த ஆறில் ஒருத்தியாக வேண்டும். அதற்காக அவள் மூன்று மாதமாக மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி, இரண்டு பூந்தொட்டியை உடைத்து, ஒரு முறை தன் முழங்காலையே அடித்துக்கொண்டு கற்றிருக்கிறாள். சக்கரம் இப்போது அவள் கையில் பேசுகிறது.

தலைதான் பேசவில்லை.

அணியில் எல்லோரும் கொண்டை போட்டு, அதன்மேல் கேஸ்கி என்கிற சின்னத் தலைப்பாகை கட்ட வேண்டும். கீரத் சுற்ற ஆரம்பித்தால் பத்தாவது சுற்றில் எண்ணெய்த் தலையில் கொண்டை நழுவும். பதினைந்தாவது சுற்றில் துடைப்ப நுனிகள் முள் மாதிரி துணிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். இருபதாவது சுற்றில் கேஸ்கி கழன்று விழும். தலைப்பாகை தரையில் விழுவது அந்த ஊரில் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. இரண்டு முறை விழுந்தாயிற்று.

பயிற்சி தருகிற ஹர்வீன் பைன்ஜிக்கு, அதாவது ஹர்வீன் அக்காவுக்கு, இருபத்து நான்கு வயது. பகலில் மருந்துக் கடையில் வேலை, மாலையில் குருத்வாரா முற்றத்தில் கட்கா. அவளுக்குத் திட்டத் தெரியாது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி அமைதியாகப் பேசுவாள்.

“ஞாயித்துக்கெழமை மூணாவது தடவை. அன்னிக்கும் விழுந்துச்சுன்னா நீ வாசல்ல செருப்பு பாத்துக்க. அதுவும் சேவைதான்” என்றாள் கீரத்திடம்.

செருப்பு பார்த்துக்கொள்வது சேவைதான், கீரத் மறுக்கவில்லை. ஆனால் செருப்பைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்ற முடியாது.

நுனியை வெட்டு என்கிற யோசனையைக் கொடுத்தவள் மெஹ்தாப். அவளும் பயிற்சியில் இருந்தாள். முன்வரிசை அவளுக்குத்தான். மெஹ்தாப்பின் முடி தோளில் வழிந்து ஆறு மாதிரி ஓடும். நகரத்திலிருந்து வரும் பாட்டில்கள் அவள் வீட்டுக் குளியலறையில் அடுக்கி இருப்பதாகச் சொல்வார்கள்.

“டவுன்ல எல்லாரும் நுனியை வெட்டிடறாங்க” என்று அவள் சொன்னாள். “உங்க பக்கம் முடியும் கோதுமை மாதிரிதான் போல. கடைசில வந்து காஞ்சு நிக்குது.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீரத்துக்குக் காது சுட்டது. மெஹ்தாப்பின் அப்பாவுக்குக் கால்வாய் மதகை ஒட்டியே நிலம், மேல்மடை. தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். கீரத்தின் நிலம் வாய்க்காலின் கடைசியில், கடைமடை. மேலே இருப்பவர்கள் எல்லோரும் குடித்து முடித்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால் அங்கே வரும். ஒரு வரப்பு உடைந்த சண்டையில் இரண்டு வீட்டு ஆண்களும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

வெட்ட முடியாது என்று ஆகிவிட்டது. எண்ணெய் போதவில்லை என்று பீபி புதன்கிழமை இன்னொரு கை ஊற்றினாள். வியாழக்கிழமை கீரத் பள்ளிக்கூடத்தில் தலை சாய்த்து எழுதிய கணக்கு நோட்டில் எண்ணெய் ஊறி, தாள் கண்ணாடி மாதிரி ஆகி, விடைகள் ஊடுருவித் தெரிந்தன.

“அடுத்த பக்கத்துல இருக்கறதும் இந்தப் பக்கத்துலயே தெரியுதே. சிக்கனம்” என்றார் கணக்கு வாத்தியார்.

அன்று மாலை கீரத் யாருக்கும் சொல்லாமல் பின்கட்டுக்குப் போனாள். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திறந்து, துணி சோப்பை எடுத்துத் தலை முழுக்க, உச்சி முதல் நுனி வரை, கோபத்தோடு தேய்த்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்தப் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. டீ போட்டாலே திரிந்த மாதிரி இருக்கும்.

முடி காய்ந்ததும் ஜுஜார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“தீதி, மின்னல் அடிச்ச முள்ளம்பன்றி மாதிரி இருக்க.”

“நீ முள்ளம்பன்றி பார்த்திருக்கியாடா?”

“இப்ப பார்த்துட்டேன்.”

உச்சியில் எண்ணெய் போயிருந்தது, அது உண்மை. ஆனால் நுனி இப்போது துடைப்பம்கூட இல்லை. தொட்டால் ஒடிந்தது. சீப்பில் சின்னச் சின்னத் துண்டுகளாக முடி வந்தது. கீரத் அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பீபியும் அதைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள், உச்சியில் ஊற்றினாள். மறுபடியும் மேலே வழவழ, கீழே சரசர.

வெள்ளிக்கிழமை அவர்களுடைய தண்ணீர் முறை. மதியம் மூன்று பத்திலிருந்து நான்கு மணிவரை. ஒரு நிமிடம் முன்னால் இல்லை, ஒரு நிமிடம் பின்னால் இல்லை. வாரத்துக்கு ஐம்பது நிமிடம் தண்ணீர் கிடைக்கிறவர்கள் வீட்டில் எல்லோருக்கும் மணி பார்க்கத் தெரியும். ஜுஜாருக்குப் பெருக்கல் வராது, மணி வரும்.

பாபூ மண்வெட்டியோடு வாய்க்கால் முனையில் நின்றார். கீரத்தின் வேலை ஓடுவது. தண்ணீர் எங்கே போகிறதோ அதற்கு முன்னால் வரப்பில் ஓட வேண்டும். எலி வளையில் தண்ணீர் இறங்கினால் கத்த வேண்டும், மண்ணை அள்ளி அடைக்க வேண்டும். அவளுக்கு அது பிடிக்கும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுரையும் சருகுமாக உருண்டு வரும்போது அதனோடு பந்தயம் ஓடுவது மாதிரி இருக்கும்.

ஆனால் இன்று பாபூ வேறு மாதிரி செய்தார். வழக்கமாக முதல் பாத்தியைத் திறந்து, அது நிறைந்ததும் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று வருவார். நான்காவதுக்கு வருவதற்குள் நான்கு மணி ஆகிவிடும். இன்று முதல் பாத்தியின் வாயில் மண்ணை வெட்டிப் போட்டு மிதித்து அடைத்தார். இரண்டாவதையும் அடைத்தார்.

“பாபூ, தண்ணி எங்க போகும்?”

“நேரா கடைசிக்கு. ஓடு, எலி வளை பாரு.”

“முதல் பாத்திக்கு?”

பாபூ மண்வெட்டியால் முதல் பாத்தியைக் காட்டினார். “இதுல காலை வை.”

வைத்தாள். கணுக்கால்வரை புதைந்தது. கோதுமை நாற்று அடியில் அழுகி மஞ்சளாகிக் கிடந்தது.

“இப்ப அந்தக் கோடியில போய் வை.”

ஓடிப் போய் வைத்தாள். மண் ஓடு மாதிரி வெடித்திருந்தது. விரிசலில் அவள் சுண்டுவிரல் போனது. நாற்றின் நுனி எல்லாம் கருகி நின்றது.

“வாராவாரம் மேல ஊத்தினேன், நிறைஞ்சா தானா வழிஞ்சு போகும்னு” என்று பாபூ அங்கிருந்தே கத்தினார். “எங்க வழிஞ்சுது? நிறைஞ்சதே குடிச்சுக் குடிச்சு அழுகிப்போச்சு. காஞ்சது காஞ்சே கெடக்கு. மேல்மடைக்காரனைத் திட்டிட்டு நானும் என் வயல்ல அதையேதான் பண்ணிட்டிருந்திருக்கேன்.”

தண்ணீர் வந்தது. நேராக, எங்கேயும் நிற்காமல், கடைசிப் பாத்திக்குள் பாய்ந்தது. விரிசல்கள் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது சின்னச் சின்னதாகக் குமிழ் விட்டன. கீரத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை தானாகப் பின்னலின் நுனிக்குப் போனது.

மேலே நிறைய. கீழே ஒன்றும் இல்லை. தானா இறங்கும், தானா இறங்கும்.

“கீரத், எலி வளை” என்று பாபூ கத்தினார்.

அவள் காதில் விழவில்லை. ஒரு எலி வளை வழியாகப் பக்கத்து வயலுக்குக் கால் நிமிடத் தண்ணீர் போனது. பக்கத்து வயல்காரர் வாழ்நாளில் வாங்கிய முதல் இலவசத் தண்ணீர் அதுதான்.

நான்கு மணிக்கு மடையை அடைத்த பிறகு கீரத் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“பாபூ, வாய்க்கால்ல தேங்கி நிக்கறதுல எனக்கு ரெண்டு வாளி வேணும்.”

“எதுக்கு?”

“தலைக்கு. இது உப்பு இல்லாத தண்ணி.”

பாபூ அவளையும் வாய்க்காலையும் பார்த்தார். “அது என் கோதுமையோட பங்கு.”

“நானும் கடைமடைதான், பாபூ.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் வாளியை அவரே மொண்டு கொடுத்தார்.

வீட்டில்தான் பெரிய வேலை இருந்தது. பீபியை ஒப்புக்கொள்ள வைப்பது. கீரத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி மூடி வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். பீபி கடுகுக் கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

“பீபி, இனிமே உச்சியில எண்ணெய் வேணாம்.”

மத்து நின்றது. “ஒரே வாரத்துல ரெண்டாவதா? அன்னிக்குக் கத்தரி. இன்னிக்கு எண்ணெய் வேணாம். நாளைக்கு அம்மா வேணாம்பே.”

“அப்படிச் சொல்லல.”

“வேற எப்படி? வறண்ட தலையோட தெருவுல போனா என்ன சொல்வாங்க தெரியுமா? அம்மா இல்லாத பொண்ணுன்னு சொல்வாங்க. நான் எட்டு வயசுல அப்படித்தான் போனேன். எல்லாரும் சொன்னாங்க.”

கீரத்துக்கு அது தெரியாது. பீபி இதுவரை சொன்னதில்லை. அந்தக் கிண்ணம் ஏன் ஒரு நாளும் தவறுவதில்லை என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாதாடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் பீபியின் கையிலேயே கொடுத்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்து, நுனியை எடுத்துப் பீபியின் மடியில் வைத்தாள்.

“இங்க வை. நீதான் வைக்கணும். பாபூ இன்னிக்குத் தண்ணியை நேரா கடைசிப் பாத்திக்கு விட்டாரு. மேல இருக்கறதுக்கு அதுவாவே ஈரம் இருக்கு, பீபி. தொட்டுப் பாரு. நீ வைக்காட்டியும் தலையில எண்ணெய் ஊறுது. இங்கதான் ஒண்ணும் வந்து சேரல.”

பீபி நுனியைத் தொட்டாள். விரல்களுக்கு நடுவில் அது வைக்கோல் மாதிரி சரசரத்தது. இத்தனை வருடத்தில் அவள் கை அங்கே வந்ததே இல்லை.

“ஊர்ல கேட்டா?” என்றாள்.

“அம்மா இருக்கா, கீழேர்ந்து ஆரம்பிக்கறான்னு சொல்றேன்.”

பீபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீரை ஆறிப்போனது. அன்று யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எண்ணெயை லேசாகச் சூடாக்கினார்கள். கடைசி ஒரு சாண் முடிக்கு மட்டும், சின்னச் சின்னப் பிரிவாகப் பிரித்து, பீபி விரலால் உருவி உருவி வைத்தாள். நுனியை ஒரு பழைய துணியில் சுற்றிக் கட்டினாள். எருமைக் கன்றுக்குக் கால் உடைந்தபோது போட்ட கட்டு மாதிரி இருப்பதாக ஜுஜார் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் இரண்டாவது பாதி. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையை உச்சியில் மட்டும் தேய்த்தார்கள். நுனி துணிக்குள்ளேயே இருந்தது, சோப்பும் இல்லை, நுரையும் இல்லை. பிறகு தண்ணீராய்க் கரைத்த புளித்த மோர், அதுவும் வேர்களுக்குத்தான். கடைசியில் துணியை அவிழ்த்து, வெதுவெதுப்பாக்கிய கால்வாய்த் தண்ணீரால் எல்லாவற்றையும் அலசினார்கள்.

“தண்ணி வீணாக்காதீங்க. மணி பார்க்கட்டுமா?” என்று ஜுஜார் வெளியிலிருந்து கேட்டான்.

சிக்கெடுக்கும்போதும் கீரத் பீபியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். எப்போதும் மேலிருந்து கீழே இழுப்பார்கள், நடுவில் சிக்கும், முடி ஒடியும். இன்று நுனியில் ஆரம்பித்தார்கள். நுனி அவிழ்ந்த பிறகு அதற்கு மேலே ஒரு சாண், பிறகு இன்னொரு சாண். மரச்சீப்பு ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

மூடுபனி பதினொரு மணிக்குத்தான் விலகியது. மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டிலில் கீரத் குப்புறப் படுத்து, முடியைக் கட்டிலுக்கு வெளியே வெயிலில் தொங்கவிட்டாள். காயாமல் கொண்டை போட்டால் மறுபடி உச்சி பிசுக்காகும் என்று பீபியே சொன்னாள். ஜுஜார் பக்கத்தில் உட்கார்ந்து கின்னோ ஆரஞ்சு உரித்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தான்.

“இன்னும் ஈரம்.”

“கையைத் தொடைச்சுட்டுத் தொடுடா. உன் ஆரஞ்சு ஈரம் அது.”

மூன்று மணிக்கு அவன் தொட்டுப் பார்த்தான். மறுபடியும் தொட்டான். பிறகு ஒரு ஆரஞ்சு விதையை எடுத்து அவள் உச்சந்தலையில் வைத்தான். விதை வழுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தது.

“பீபி” என்று மாடியிலிருந்து கத்தினான். “நிக்குது.”

ஞாயிற்றுக்கிழமை குருத்வாரா முற்றத்தில் பனி இன்னும் கலையவில்லை. ஆறு இடத்துக்குப் பன்னிரண்டு சிறுமிகள் வட்டமாக நின்றார்கள். பீபியும் ஜுஜாரும் சுவர் ஓரமாக. ஹர்வீன் பைன்ஜி சக்கரத்தை எடுத்து நீட்டினாள்.

“கீரத். முப்பது சுத்து.”

கீரத் நடுவில் போய் நின்றாள். கொண்டை இன்று வேறு மாதிரி இருந்தது. மேலே பிடிமானம் இருந்தது, நுனி வளைந்து அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதன்மேல் நீலக் கேஸ்கி. அவள் சக்கரத்தைத் தூக்கினாள்.

முதல் சுற்றில் பந்துகள் தடுமாறின. மூன்றாவதில் விரிந்தன. ஐந்தாவதில் காற்று உறும ஆரம்பித்தது.

“பத்து” என்று ஜுஜார் எண்ணினான். அவனை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

பதினைந்து. கீரத் தன்னையும் சுற்றிக்கொண்டாள். முற்றம், சுவர், முகங்கள், பனி, எல்லாம் ஒரே கோடாகின. இருபது. இங்கேதான் எப்போதும் விழும். அவள் கழுத்து தானாக இறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. கீரத்துக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்தில் மண்டியிட்டாள், சுற்றிக்கொண்டே எழுந்தாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“முப்பது. முப்பத்தொண்ணு. தீதி, போதும், முப்பத்தி ரெண்டு.”

சக்கரத்தை இறக்கியபோது முற்றம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். கேஸ்கி கட்டின இடத்தில் அப்படியே இருந்தது. சுவர் ஓரத்தில் பீபி துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனிதான் காரணம் என்று பிறகு சொன்னாள்.

“சரி” என்றாள் ஹர்வீன் பைன்ஜி. அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. “அடுத்தது மெஹ்தாப்.”

மெஹ்தாப் அலட்சியமாக வந்தாள். அவள் சுற்று எப்போதும் அழகு. ஆனால் எட்டாவது சுற்றில் அவள் சிவப்புக் கேஸ்கி ஒரு பக்கம் சாய்ந்தது. பதினொன்றில் கொண்டை பட்டு மாதிரி உருவிக்கொண்டு இறங்கியது. பன்னிரண்டில் துணி தரையில் கிடந்தது. ஆறு மாதிரி ஓடுகிற முடி அவள் முகத்தை மூடிக்கொண்டது. அதற்குள் அவள் அழுவதை யாரும் பார்க்க முடியவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது.

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

ஹர்வீன் பைன்ஜி துணியை எடுத்துத் தட்டி, மடித்து, மெஹ்தாப்பிடம் கொடுத்தாள். “நாளைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை. அப்பவும் விழுந்தா செருப்பு.” பிறகு கீரத்திடம் திரும்பினாள். “இவ நிக்கலைனா முன்வரிசை உனக்கு. இப்பவே முன்னாடி வந்து நின்னு பழகிக்க.”

முன்வரிசை. மூன்று மாதமாகக் கீரத் கனவில்கூடக் கேட்காத இடம். ஊர் முழுக்க முதலில் பார்க்கிற இடம். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கடைசில வந்து காஞ்சு நிக்குது என்று சொன்னவள் இப்போது தூணுக்குப் பின்னால் நின்று முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டச் சுருட்ட அது நழுவியது.

கீரத் அதைப் பார்த்தாள். பார்த்த உடனே காரணம் தெரிந்துவிட்டது, அதுதான் கஷ்டம். தெரியாமல் இருந்தால் நிம்மதியாக முன்வரிசையில் நின்றிருக்கலாம்.

தூணுக்குப் பின்னால் போனாள். “தலைக்கு என்ன போடற?”

“உனக்கென்ன? போய் நில்லு முன்னாடி” என்றாள் மெஹ்தாப்.

“சொல்லுடீ. நுனி வழவழன்னு இருக்கறதுக்கு ஒண்ணு போடுவியே, பாட்டில்ல, அதை எங்கேர்ந்து தடவற?”

மெஹ்தாப் மூக்கை உறிஞ்சினாள். “உச்சியிலேர்ந்து. ரெண்டு தடவை. இன்னிக்குன்னு மூணு.”

“அது கடைமடைக்கு உள்ளது. மேல்மடைல கொட்டியிருக்க. கொண்டைக்குப் பிடிமானமே இல்ல.”

மெஹ்தாப் முடியைச் சுருட்டுவதை நிறுத்தினாள். “அன்னிக்கு நான் சொன்னதுக்கு இது கிண்டலா?”

“கிண்டல் பண்ண வேற நாள் இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தலையைக் காயவைக்கணும். பனி வேற. எங்க வீட்டுல ரெண்டு வாளிதான் இருந்துச்சு, தீர்ந்துபோச்சு. உங்க வீட்டுலதான் நல்ல தண்ணி.”

“எங்க வீட்டுக்கா? உங்க பாபூ, எங்க அப்பா...”

“அவங்களா முடி காயவைக்கப் போறாங்க?”

முற்றத்தில் ஹர்வீன் பைன்ஜி விசில் ஊதினாள். “கீரத், முன்வரிசை. எங்க போற?”

கீரத் அதற்குள் வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “நாளைக்குச் சாயங்காலம் வந்து என் இடத்துல நிக்கறேன், பைன்ஜி. இவ இவ இடத்துல நிப்பா.” சுவர்ப் பக்கம் திரும்பினாள். “பீபி, மிச்சம் இருக்கற பூந்திக்கொட்டையை ஜுஜார்கிட்ட குடுத்தனுப்பு. மேல்மடை வீட்டுக்கு.”

பீபி ஜுஜாரைத் தேடித் திரும்பினாள். அவன் ஏற்கெனவே வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான்.

வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கீரத்தின் வீடு. வலது பக்கம் வாய்க்கால் கரையோடு மதகுவரை போகிற பாதை, அவள் வீட்டு ஆட்கள் இரண்டு வருடமாக மிதிக்காத பாதை. அவள் வலது பக்கம் திரும்பி, நிற்காமல் நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, பின்னால் மெஹ்தாப் ஓடி வருகிற சத்தம் கேட்டது.